மண்டையைத் துளைக்காமல் எவ்வளவு அறியலாம்?

மூளைக்குள் கட்டி இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதும், கல்முனைப் பக்கத்தில் பாண்டிருப்பிலோ மருதமுனையிலோ உள்ள குடும்பம் முதலில் கேட்பது: மண்டையைத் திறக்காமல் கண்டுபிடிக்க வழியில்லையா? வழிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையும் வெவ்வேறு கேள்விக்கே பதில் தரும். அதைக் கேட்டறியாமல் புறப்பட்டால், காணியை ஈடு வைத்துச் சென்னைக்குப் போய் வந்தபிறகும் கட்டி எந்த வகை என்று தெரியாமலே இருக்கும்.

முதன்முறை வலிப்பு, ஒரு பக்கக் கைகால் இழுத்தல், விடியற்காலையில் வாந்தியோடு தலையிடி என்றால் எந்த ஸ்கேன் நல்லது என்று வீட்டிலிருந்து யோசிக்க வேண்டாம். கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையோ அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். இந்த நேரத்துக்குச் சி.டி. தான் சரி. இரத்தக்கசிவு, வீக்கம், நீர்த்தேக்கம் எல்லாம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 1971இல் லண்டனில், சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டின் இயந்திரம் முதலில் படமெடுத்த நோயாளியும் மூளைக்கட்டி சந்தேகிக்கப்பட்ட பெண்தான். ஆனாலும் சிறு கட்டிகள் சி.டி.யில் தப்பிவிடும். படம் சுத்தம் என்று வந்தும் குறிகுணங்கள் தொடர்ந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆறுதலாகத் தேர்ந்தெடுக்க நேரமிருந்தால் எம்.ஆர்.ஐ. மேலானது. எக்ஸ்ரே கதிர் இல்லை, கட்டியின் எல்லை தெளிவாகத் தெரியும். சீழ்க்கட்டியா புற்றுக்கட்டியா என்று பிரிக்கவும் அதில் தனி முறை உண்டு. காசநோயால் வரும் கட்டியும் புற்றுப்போலத் தோன்றும் நம் நாடுகளில் இது பெரிய உதவி. எங்கள் பகுதியார் இரண்டு விடயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். யுத்தகாலத்து ஷெல் துண்டு உடம்பில் இருந்தால், எத்தனை வருடம் ஆனாலும், எம்.ஆர்.ஐ.யின் காந்தத்துக்குள் போகுமுன் சொல்லுங்கள். சிறுநீரக நோய் இருந்தாலும் சொல்லுங்கள்; படம் துலங்க ஏற்றும் கடோலினியம் மருந்தைச் சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே செய்யும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி, கட்டிக்குள் இருக்கும் இரசாயனங்களை அளக்கிறது. ஐ.டி.எச். என்ற மரபணு மாறிய கட்டியில் சேரும் ஒரு பொருளை இப்படி வெளியிலிருந்தே காணலாம் என்று 2012இல் காட்டினார்கள். ஊசியில்லா ஆய்வில் நான் அதிகம் நம்புவது இந்தப் பாதையைத்தான்.

பெட் ஸ்கேனை முதற்பரிசோதனையாகக் கேட்டு அலைய வேண்டாம். வழமையான பெட் சர்க்கரையைத் தேடுவது. மூளையோ எப்போதும் சர்க்கரை எரிப்பது, கட்டி அதற்குள் மறைந்துபோகலாம். சிகிச்சைக்குப் பின் கட்டி திரும்பியதா, கதிர்ச் சிகிச்சையால் வந்த புண்ணா என்ற சந்தேகத்துக்கு அமினோ அமிலப் பெட் உதவும்.

இனி எல்லோரும் கேட்கும் இரத்தப் பரிசோதனை. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பு, கட்டியின் மரபணுத் துணுக்குகளை வெளியே விடுவது குறைவு. அதனால்தான் மற்றப் புற்றுநோய்களுக்கு வந்த வேகம் இங்கே வரவில்லை. நாசிக்கிலுள்ள தாதார் கேன்சர் ஜெனடிக்ஸ் நிறுவனத்தின் ட்ரைநேத்ரா-கிளியோ, இரத்தத்தில் மிதக்கும் கட்டிச் செல்களைத் தேடுகிறது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதற்கு முன்னுரிமைத் தகுதி கொடுத்தது. அது மதிப்பீட்டை விரைவாக்கும் தகுதியே, அங்கீகாரம் அல்ல. கட்டியை வெட்டவோ ஊசியால் தொடவோ முடியாத இடத்தில் இப்படியான சோதனை பற்றி நிபுணரிடம் கேட்கலாம். அதை நம்பி, திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம்.

உண்மையாகவே ஊசி தேவைப்படாத சில கட்டிகளும் உண்டு. பிட்யூட்டரியில் வரும் ஒரு வகையை இரத்தத்தின் புரோலாக்டின் அளவும் எம்.ஆர்.ஐ.யும் காட்டிக்கொடுக்கும், பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும். பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் வரும் சில ஜெர்ம் செல் கட்டிகளை இரத்தத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ இருக்கும் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி. அளவுகள் சொல்லிவிடும். தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது முதுகில் நீர் எடுப்பது உயிராபத்து என்பதால் ஸ்கேன் முதலில் நடக்க வேண்டும்.

ஆனால் மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கிளையோமா கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் திசு வேண்டும். 2021ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில், கட்டியின் பெயரோடு மரபணு விபரமும் சேர்ந்தே வருகிறது. சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும். திசு எடுக்க முழு மண்டையையும் திறப்பதில்லை, படத்தின் வழிகாட்டலில் ஊசி செலுத்தும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் சிறு துளை போதும். இரத்தக்கசிவு அபாயம் சிலருக்கு உண்டு, அதை வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் புற்று எனச் சந்தேகம் இருந்தால் ஸ்டீராய்டு தொடங்குமுன் திசு எடுப்பதா என்றும் கேளுங்கள். அந்த மருந்தில் கட்டி கரைந்து, ஊசிக்கு எதுவும் அகப்படாமல் போகலாம்.

மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த தட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். சத்திரசிகிச்சை நிபுணர் படத்தைத்தான் பார்ப்பார். தட்டு கையில் இருந்தால் இன்னொரு ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகும்.