ரிப்போர்ட்டு ஜாப்தா

பண்டார் தெங்காராவில் கடை நடத்தும் சகோதரர்களுக்குப் பற்று வியாபாரத்தைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1972ல் ஏற்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் வளர்ச்சி வாரியத்தின் முயற்சியால் செம்பனைக் காட்டு நடுவே எழுந்த ஊர் இது. சம்பள நாள் வரையில் பற்று எழுதிக் கொடுத்தால்தான் வாடிக்கை நிற்கும். அந்தப் பற்றை முன்பு பேரேட்டில் எழுதினோம். பிறகு நம்மில் சிலர் மைக்ரோசாப்ட் ஆக்ஸஸ் 97 என்ற கம்ப்யூட்டர் புரோகிராமில் ஏற்றினோம். அது இன்றும் ஓடுகிற கடைகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

அந்தப் புரோகிராமில் 'ரிப்போர்ட்டு' என்பது கணக்கப்பிள்ளை பேரேட்டைப் பார்த்து எடுத்துத் தரும் பாக்கிப் பட்டியலைப் போன்றது. ஆனால் ரிப்போர்ட்டுக்குள் கணக்கு இராது. எந்த டேபிளிலிருந்து எதை எடுத்து, எப்படி அடுக்கி அச்சிடுவது என்ற விதி மட்டுமே இருக்கும். அதை அழித்தால் கடன் அழியாது. கடனைக் காட்டும் கண் போய்விடும்.

நம் கடையிலேயே அப்படி நேர்ந்தது. புரோகிராம் எழுதித் தந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். 'பாக்கி', 'பாக்கி புதுசு', 'காப்பி ஆப் பாக்கி' என்று அறுபதுக்கு மேல் ரிப்போர்ட்டுகள் கிடந்தன. வேண்டாதவை என்று நாமே தீர்மானித்துச் சிலவற்றை அழித்தோம். அவற்றுள் ஒன்று, மாதச் சீட்டுக்குள் பொருத்தப்பட்டிருந்த உள் ரிப்போர்ட்டு. பழைய பாக்கியைக் காட்டுவது அதுதான். அடுத்த மாதம் ஏதோ எச்சரிக்கை தோன்ற, எழுத்தர் 'ஓகே' தட்டிக் கடந்துவிட்டார். பழைய பாக்கி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே அச்சாகி, சீட்டுகள் வாடிக்கையாளர் கைக்குப் போயின. ஒரேயொருவர் திரும்பி வந்து, "பழைய பாக்கியைக் கழித்துவிட்டீர்களா, முதலாளி?" என்று கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை. மறுசீட்டு அனுப்பி வசூலிக்க இரண்டு மாதம் பிடித்தது; மனஸ்தாபம் தனி.

ஆகவே, எதையும் தொடுமுன் பைலுக்கு ஒரு நகல் எடுத்து, நகலிலேயே வேலை செய்க. 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' திறந்து, 'வியூ' பகுதியில் 'சிஸ்டம் ஆப்ஜெக்ட்ஸ்' என்பதைக் குறியிட்டால், மறைந்திருந்த 'எம்ஸிஸ்ஆப்ஜெக்ட்ஸ்' என்னும் டேபிள் தென்படும். அதில் 'டைப்' என்ற பத்தியில் -32764 என்றிருக்கும் வரிகள் அனைத்தும் ரிப்போர்ட்டுகளே. கழித்தல் குறியை விட்டுவிடக் கூடாது. அந்த டேபிளைப் பார்க்கலாமேயன்றித் திருத்தப் புகவும் கூடாது.

பெயர்கள் கிடைத்தால் ஜாப்தா பாதிதான். ஒவ்வொன்றும் எங்கிருந்து கணக்கை எடுக்கிறது என்பதை அதன் 'ரெக்கார்டு ஸோர்ஸ்' சொல்லும். இதற்கு 'டூல்ஸ்', 'அனலைஸ்' வழியாக 'டாக்குமென்டர்' என்ற வசதி உண்டு. அதன் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானைக் கவனியாமல் அச்சிட்டால் காகிதம் கட்டுக் கட்டாய்ப் போகும். நாம் அனுபவித்துச் சொல்கிறோம். பெரும்பாலானவற்றுக்கு ரிப்போர்ட்டின் குணங்கள் மட்டும் போதும். ஆனால் மாதச் சீட்டு போன்ற முக்கியமானவற்றுக்கு உள்ளுறுப்புகளின் பெயரும் குணமும் சேர்த்தே எடுக்க வேண்டும். 'ஸோர்ஸ் ஆப்ஜெக்ட்' என்ற வரியில்தான் உள் ரிப்போர்ட்டு எது என்பது வெளிப்படும். நாம் அன்று பார்க்கத் தவறிய வரி அதுவே. பாரத்திலுள்ள பொத்தானை அழுத்தித் திறக்கும் ரிப்போர்ட்டுகளும் உண்டாதலால், பாரங்களின் 'கோடு' பகுதியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பைலின் பெயர் 'எம்.டி.இ.' என்று முடிந்தால் அமைப்பைத் திறக்க இயலாது, மூலமான 'எம்.டி.பி.' பைலைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு மாத அச்சுப் பிரதியை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடலாம். யார், எப்பொழுது எடுக்கிறார்கள் என்பதைக் கடைப் பிள்ளைகளிடம் விசாரித்தே எழுதுக; அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஜி.எஸ்.டி. காலத்து ரிப்போர்ட்டுகளைத் தனியே குறித்து வையுங்கள். 2015 ஏப்ரல் 1ல் 6 சதவீதமாக வந்த அவ்வரி, 2018 ஜூன் 1ல் பூஜ்யமாகி, செப்டம்பர் 1ல் எஸ்.எஸ்.டி.க்கு இடம்விட்டது. அந்த 6 சதவீதத்தை ரிப்போர்ட்டுக்குள்ளேயே எழுதிவைத்தவர்கள் பலர். அன்றாடத்திற்கு அது உதவாது. ஆயினும் வருமான வரிச் சட்டம் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்வதால், தவணை தீர்ந்ததா என்று பாராமல் அழிக்கலாகாது.

2013 முதலான ஆக்ஸஸ் பதிப்புகள் 97ன் பைலைத் திறப்பதில்லை. 2010 அல்லது அதற்கு முந்திய பதிப்புள்ள மெஷினில் நகலை முதலில் மாற்றிக்கொண்டே மேலே போக வேண்டும். நாம் மாற்றிய பிறகு, நோட்டில் ஒட்டிய பிரதிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இரண்டு ரிப்போர்ட்டுகளின் தொகை ஒத்துவரவில்லை. அவற்றை இன்னும் பழைய மெஷினிலேயே எடுத்து வருகிறோம்.