சலித்துப்போன உடற்பயிற்சிக்குத் திரும்ப எந்த வழி? கண்டிவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

மாதக்கணக்கில் ஒருநாளும் தவறாமல் ஜிம்முக்குப் போனவர் திடீரென்று நின்றுவிடுகிறார். கட்டணம் கட்டியிருந்தும் கால் எழுவதில்லை. சப்பாத்து வாசலில் தூசு பிடிக்கிறது. வீட்டார் இதைச் சோம்பல் என்கிறார்கள், அவரும் அதையே நம்பிக் குற்ற உணர்வோடு இருக்கிறார். சோம்பேறியாக இருந்தால் அத்தனை மாதம் போயிருக்க மாட்டார். தாங்கும் அளவுக்கு மேல் செய்ததால்தான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது.

இப்படிப்பட்டவரிடம் "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று சொல்வதால் பலன் இல்லை. எது தீர்ந்துபோனது என்று கண்டறிந்து, அதற்கேற்ற இடத்தையும் பயிற்சியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சமதரை, காடு, பூங்கா, மலை நான்கும் பக்கத்திலேயே இருப்பதால் கண்டியில் இந்தத் தேர்வு எளிது.

முதலில் எது களைத்தது என்று பாருங்கள்

களைத்தது உடலானால் தூக்கம் கெடும். காலையில் எழும்போதே நாடித்துடிப்பு வழக்கத்தைவிட வேகமாக இருக்கும். நேற்றுத் தூக்கிய எடை இன்று கனக்கும், தடிமன் அடிக்கடி வரும்.

களைத்தது மனமானால் உடலில் குறை தெரியாது. ஆனால் பயிற்சியை நினைத்தாலே எரிச்சல் வரும். கண்ணாடி, எடைத் தராசு, செயலி காட்டும் எண்கள், பிறர் அனுப்பும் படங்கள் எல்லாம் சேர்ந்து அதைப் பரீட்சை போல ஆக்கியிருக்கும்.

மூன்றாவது, துணையின் இழப்பு. கூட வந்த நண்பர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார். அவரோடு பழக்கமும் போயிருக்கும்.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் மனித ஊக்கத்துக்கு மூன்று அடிப்படைத் தேவைகளைச் சொன்னார்கள்: தானாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை, என்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு உள்ள பிணைப்பு. கீழே உள்ள வழிகளை ஒப்பிடும்போது இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்.

முழு ஓய்வு

உடல் களைத்தவருக்கு இதுவே முதல் மருந்து. அளவுமீறிய பயிற்சி பற்றி ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013இல் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. சிறிய அளவில் மீறியவர் நாட்களிலோ கிழமைகளிலோ தேறுவார் என்றும், முற்றிய நிலைக்குப் போனவருக்கு மாதங்கள் பிடிக்கலாம் என்றும் அது சொல்கிறது. ஆகவே இரண்டு கிழமை நிறுத்துவது தோல்வி ஆகாது. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் பல போட்டிகளிலிருந்து விலகினார். 2023இல்தான் மீண்டும் போட்டிக்கு வந்தார். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

ஓய்வெடுத்தும் களைப்புத் தீராவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். இரத்தசோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு மூன்றும் இதே முகத்தோடு வரும். டெங்குவிலிருந்து தேறியவர்களுக்குப் பல கிழமை அசதி நீடிக்கலாம். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மனம் களைத்தவருக்கோ துணையை இழந்தவருக்கோ முழு ஓய்வு பொருந்தாது. நாள் ஆக ஆகத் திரும்புவது கடினமாகிவிடும்.

கண்டி வாவி

கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த வாவி இது. சுற்றளவு ஏறக்குறைய 3.2 கிலோமீற்றர். பாதை சமதரை, கட்டணம் இல்லை, பஸ் விட்டு இறங்கியதும் தொடங்கலாம். ஆறுதலாக நடந்தால் ஒரு சுற்று முக்கால் மணித்தியாலத்தில் முடியும். பெரியவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். கிழமைக்கு நான்கு சுற்று அதைத் தாண்டிவிடும்.

குறை வாகனப் புகை. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடக்கும் நகரத்தில் புகை எளிதில் கலையாது. பாடசாலை வான்கள் வரத் தொடங்கும் முன்பே நடந்து முடிப்பது நல்லது. எசல பெரஹரா காலத்தில், ஆடி ஆவணியில், நகர வீதிகள் மூடப்படும்போது வேறு இடம் யோசித்து வையுங்கள்.

வட்டப் பாதையில் பாதியைத் தாண்டினால் முடித்தே தீரவேண்டும். அதனால் முதல் கிழமை சுற்ற வேண்டாம், பத்து நிமிடம் போய்த் திரும்பி வாருங்கள். "என்னால் முடிகிறது" என்ற உணர்வு அப்படித்தான் மீளும். தெரிந்த முகங்கள் தினமும் எதிர்ப்படுவதால் துணை இழந்தவருக்கும் இது நல்ல இடம்.

உடவத்தகெலே

தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறக்குறைய 104 ஹெக்டேயரில் இருக்கும் காடு. மன்னர் காலத்தில் பொதுமக்கள் நுழையத் தடை இருந்தது. இன்று நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகலாம். பெருங்கொடிகளும் குளமும் பறவைகளும் நிறைந்த இடத்தில் யாரும் வேகத்தை அளப்பதில்லை. மனம் களைத்தவருக்கு என் முதல் தெரிவு இதுதான். கைக்கடிகாரத்தையும் செயலியையும் வீட்டில் விட்டுப் போங்கள். நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கு 1960களில் ஜப்பானில் நடைமானி விற்கும்போது பரவியது, வைத்தியர் விதித்ததல்ல. அதை எட்டவில்லை என்று வருந்தத் தேவையில்லை.

மழைக்காலத்தில் அட்டை அதிகம். நீளமான காலுறை அணிந்து, அதன்மேல் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள். அதிகாலையில் வேலைக்கு முன் போக நினைப்பவருக்கு இது சரிவராது. தனியாகப் போவதைத் தவிருங்கள்.

பேராதனைப் பூங்கா

மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கரில் விரிந்த தோட்டம். ராஜபனை வரிசையும் படர்ந்து நிற்கும் ஜாவா அத்தி மரமும் கால்வலியை மறக்கடிக்கும். வாகனப் புகை இல்லை, ஏற்றமும் குறைவு. பிள்ளைகளோடும் வயதான பெற்றோரோடும் வருபவருக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், விடியுமுன் திறக்காது. எனவே தினசரிப் பழக்கத்துக்கு உதவாது. ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹந்தானை

தேயிலை அருங்காட்சியகத்துக்கு ஏறும் வீதியும் அதற்கு மேலுள்ள பைன் மரச் சரிவுகளும் மூச்சு வாங்க வைக்கும். தேறியவருக்கான இடம் இது, களைத்தவருக்கானதல்ல. பனிமூட்டம் இறங்கினால் சிகரப் பாதைகளில் வழி தவறும், மழையில் வழுக்கும். குழுவாக, காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்குங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை வழக்கம்.

மீண்டும் ஓர் இலக்கு வேண்டும் என்று மனம் கேட்கும்போது பெக்கோ நடைபாதையை நினையுங்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அதற்கு 22 பகுதிகள் உண்டு. முதல் பகுதி கலஹாவில் முடிகிறது. அடுத்தது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவுக்குப் போகிறது.

இதே சரிவுகளில் நாள் முழுதும் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் நம் பெண்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது நல்ல ஓய்வும் சத்துணவும், முதுகையும் தோளையும் இளக்கும் சில நிமிடப் பயிற்சியும்தான்.

மீண்டும் ஜிம், அல்லது விளையாட்டு

நடை தசைக்குப் போதாது. கிழமைக்கு இரண்டு நாளாவது தசைப்பயிற்சி வேண்டும் என்பதும் அதே 2020 வழிகாட்டலில் உள்ளது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதைக் கைவிடக் கூடாது. ஆனால் பழைய எடையில் தொடங்காதீர்கள். பாதி எடை, இரண்டு நாள், அரைமணித்தியாலம் போதும். இன்னும் செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். ஒரு காலத்தில் பெற்ற பலம் புதிதாகப் பெறுவதைவிட விரைவாகத் திரும்பும். பழைய ஜிம்மின் வாசலே வெறுப்பூட்டினால் வீட்டிலேயே சுவரில் கைவைத்துத் தள்ளுவதும், கதிரையில் உட்கார்ந்து எழுவதும் போதும்.

துணை இழந்தவருக்குப் பூப்பந்தோ கிரிக்கெட்டோ ஜிம்மைவிட மேல். நீங்கள் வராவிட்டால் ஆட்டத்துக்கு ஆள் குறையும், அந்தப் பொறுப்பே வீட்டிலிருந்து கிளப்பிவிடும்.

என் தீர்ப்பு

உடல் களைத்தவர் இரண்டு கிழமை ஓய்வெடுத்து, பிறகு வாவிக்கரையில் பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கட்டும். மனம் களைத்தவர் எண்களை விட்டுவிட்டு உடவத்தகெலேக்குப் போகட்டும். துணை இழந்தவர் இடத்தைத் தேடாமல் ஆளைத் தேடட்டும். மூவருக்கும் முதல் மாதத்தில் ஹந்தானை வேண்டாம். ஜிம் கடைசியில் வரட்டும்.

எதில் களைத்தீர்கள் என்று உங்களுக்கே தெளிவாகவில்லையா? வாவியைத் தேர்ந்தெடுங்கள். செலவில்லை, பாதி தூரத்துக்கு முன் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், பிழையாகத் தேர்ந்திருந்தாலும் நட்டமில்லை. இன்றிரவே பக்கத்து வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள்: நாளைக் காலை பத்து நிமிடம் கூட நடக்க வருவீர்களா?