மென்பொருளைப் பேணுவோர்

மைசூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனம் நடைபெற்ற ஊர்களில் 'நீர்கண்டி' என்னும் பணியாளர் இருந்துவந்தார். மதகைத் திறந்து அடைப்பதும், முறை வைத்து வயல்களுக்கு நீர் விடுவதும், மழைக்காலத்தில் கரையைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. அறுவடை முடிந்ததும் உழவர்கள் அவருக்குரிய தானியத்தை அளந்து கொடுத்தனர். ஏரியை வெட்டுவித்தவரின் பெயரைக் கல்வெட்டு சொல்லும். அதைக் காத்தவரின் பெயரை எங்கும் காண்பதரிது.

கணினித் துறையிலும் இத்தகைய காவற்பணி ஒன்று உண்டு. ஆனால் அங்கே தானியம் அளப்பவர் மிகச் சிலரே.

கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். அக்கட்டளைகளை மனிதர் எழுதிய வடிவிலேயே வெளியிட்டு, யாவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்தால், அது திறமூல மென்பொருள் எனப்படும். மைசூரில் 1969-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைச் சேர்ந்த தென் மண்டல மொழி மையத்தில், பிற மாநில ஆசிரியர்கள் தமிழ், கன்னடம் முதலிய மொழிகளைக் கற்கின்றனர். அவ்வாறு தமிழ் கற்கும் ஒருவர் 'கொ' என்னும் எழுத்தைக் கணினியில் அடிப்பதாகக் கொள்வோம். கணினியின் நினைவில் ககரமும் அதனையடுத்து ஒகரக் குறியும் பதிவாகின்றன. திரையிலோ அக்குறி இரு கூறாகப் பிரிந்து, கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் பின்னுமாக நிற்கவேண்டும். இவ்வாறு பிரித்து அடுக்கும் வேலையை ஹார்ஃபஸ் என்னும் திறமூல மென்பொருள் செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் அஃது உள்ளுறுப்பாக அமைந்துள்ளது. இதன் முதன்மைப் பராமரிப்பாளருக்குப் பெரிய நிறுவனங்களில் வேலை வாய்த்தமையால், இப்பணியை ஊதியத்துடன் செய்ய முடிந்தது. இந்த நல்வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டுவதில்லை.

புதிய மென்பொருளை எழுதுவதில் ஓர் இன்பம் உண்டு. பேணுவது அப்படியன்று. கணினியின் பாகங்களும் இயக்க முறைகளும் ஆண்டுதோறும் மாறுகின்றன. நேற்று ஓடிய மென்பொருள் இன்று ஓடாது. பிறர் அனுப்பும் திருத்தங்களை வரிவரியாகப் படித்துச் சோதிக்கவேண்டும். திருத்தம் நல்லெண்ணத்துடன் வந்ததாயினும் பழுது புகுந்துவிடக்கூடும். கேள்விகளுக்கு விடையளிக்கவேண்டும். இவையனைத்தும் பெரும்பாலும் அலுவலக வேலை முடிந்த பின், இரவிலும் விடுமுறையிலும் நடைபெறுகின்றன. இலவசமாகப் பெற்றவர்களே மிகக் கடுமையாகக் குறைகூறுவதும் உண்டு.

இத்தகைய தனிமையால் விளையக்கூடிய தீங்கை 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டிற்று. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கிவைக்கும் மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் மிகப் பரவலாக உள்ளது. பின்லாந்தைச் சேர்ந்த ஒருவரே அதனை நெடுங்காலம் பேணிவந்தார். வேலை மெதுவாக நடக்கிறதென்று 2022-இல் சிலர் அவரை நெருக்கினர். முன்போல் ஈடுபடத் தம்மால் இயலவில்லை என்றும், இஃது ஊதியமில்லாப் பொழுதுபோக்குப் பணி என்றும் அவர் தெரிவித்தார். 2021 முதலே 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்துவந்தார். காலப்போக்கில் பராமரிப்பு உரிமையில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வெளிவந்த பதிப்புகளில் அவர் ஒரு கள்ளவழியை ஒளித்துவைத்தார். அதன் மறைவுத் திறவுகோல் உடையவர் தொலைவிலிருந்தே பிறர் கணினிக்குள் நுழையலாம். நெருக்கியவர்களும் அவருடைய கூட்டாளிகளோ என்ற ஐயம் பின்னர் எழுந்தது.

கண்டுபிடிப்பு நிகழ்ந்ததும் தற்செயலே. ஆந்திரஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், தொலைக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அந்த அரை வினாடியின் காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச்சு 29-ஆம் நாள் சூழ்ச்சியை வெளிப்படுத்தினார். பழுதான பதிப்பு பெரும்பாலான கணினிகளை அடையுமுன் தடுக்கப்பட்டது.

பத்தாண்டுகளுக்கு முன், 2014-இல், இணையச் செய்திகளை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல்லில் பெரும் பிழையொன்று வெளிப்பட்டபோதும் இதே நிலைதான். உலகமே நம்பியிருந்த அதற்கு முழுநேரப் பணியாளர் ஒருவரே இருந்தார். ஆண்டு நன்கொடையோ சுமார் 2,000 டாலர். அதன் பின்னரே பொருளுதவி பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. ஜெர்மானிய அரசு 2022-இல் இதற்கென நிதியம் ஒன்றை ஏற்படுத்திற்று. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வழங்கும் ஃபிளாஸ் நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது. தேவையை நோக்க இவை சிறு தொகைகளே.

களப்பணியாளரும் ஆசிரியரும் பணம் தர இயலாவிடினும் பராமரிப்பாளரின் நேரத்தை மிச்சப்படுத்தலாம். தமிழெழுத்து பிறழ்ந்து தோன்றினால், 'தமிழ் சரியாக வரவில்லை' என்று மட்டும் எழுதுதல் பயன்படாது. படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திராது. மென்பொருளின் பதிப்பெண், எழுத்துருவின் பெயர், அடித்த விசைகளின் வரிசை, திரையில் தோன்றியதன் படம், தோன்றவேண்டியதன் படம் ஆகியவற்றை இணைத்தல் வேண்டும். அதே பிழையை வேறொருவர் முன்பே தெரிவித்துள்ளாரா என்று பார்த்துவிட்டு அனுப்புவது முறை.