சேர்ந்து நடந்தால் நிலைத்து நடப்போம்!



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேசுவதற்கான பாடம், உடற்பயிற்சி. "வயக்காட்டுல பாடுபடுற எங்களுக்கு எதுக்குங்க உடற்பயிற்சி?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்விதான். அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

உழைப்பு போதாதா?

நடவு, களையெடுப்பு, மண்வேலை எல்லாமே உடம்புக்கு நல்ல உழைப்புதான். ஆனால் வருஷத்தில் எத்தனை நாள் அந்த வேலை கிடைக்கிறது? மற்ற நாட்களில் நம்மில் பலர் மல்லிகைப்பூ கட்டுகிறோம், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறோம், தையல் மிஷினில் உட்காருகிறோம். மணிக்கணக்காக ஒரே இடம். கழுத்தும் இடுப்பும் வலிக்குதே தவிர, மூச்சு வாங்கும்படி உடம்பு அசைவதில்லை.

இன்னொரு பக்கம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கிராமமும் தப்பவில்லை. வீட்டில் அம்மா படுத்துவிட்டால் அவர் கூலி நிற்கும், மருத்துவச் செலவு ஏறும், மாடு வாங்க எடுத்த கடன் மருந்துக்குப் போய்விடும். ஆக, இது நம் குழுவின் கணக்கு வழக்கோடும் சேர்ந்த விஷயம்.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தினம் அரை மணி நேரம், வாரத்தில் 5 நாள் வேகநடை.

தனியாக ஏன் முடிவதில்லை?

"டாக்டர் நடக்கச் சொன்னார், நாலு நாள் நடந்தேன், விட்டுட்டேன்." இதைப் பல குழுக்களில் கேட்கிறோம். ஏன் என்று கேட்டால் வரும் பதில்கள்:

• "விடியக்காலை இருட்டுல தனியாப் போகப் பயமா இருக்கு."
• "தெருநாய் விரட்டுது."
• "வேலைவெட்டி இல்லாம நடக்குறா பாருன்னு ஊர் பேசுது."
• "ஒருநாள் விட்டா யாரும் கேக்கப்போறதில்ல, அப்படியே நின்னுபோச்சு."

இதில் எதுவுமே உடம்பு முடியாததால் வந்த தடை இல்லை. எல்லாம் தனியாக இருப்பதால் வந்த தடை. பத்துப் பேர் சேர்ந்து போனால் நாயும் ஒதுங்கும், ஊர்வாயும் அடங்கும். ஒருவர் வராவிட்டால், "ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்க ஆள் இருக்கும்.

சென்னையில் நடந்தது

1990களின் பிற்பாதியில் சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு சென்னையில் ஓர் ஆய்வு நடத்தியது. அதில் திருமங்கலம் ஆசியாட் காலனியும் ஒன்று. சர்க்கரை நோய் பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் அங்குள்ள மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். மக்கள் கேட்டதோடு நிற்கவில்லை. தாங்களே பணம் திரட்டி, நடப்பதற்கென்று ஒரு பூங்கா அமைத்தார்கள்! முன்பு அங்கே 100 பேரில் 14 பேர்தான் உடற்பயிற்சி செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது 59 ஆக உயர்ந்திருந்தது. ஆய்வு முடிவு 2006ல் வெளியானது.

புத்திமதி மட்டும் இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. சேர்ந்து முடிவெடுத்ததும், சேர்ந்து இடம் உண்டாக்கியதும்தான் கொண்டுவந்தது. நமக்குப் பூங்காகூட வேண்டாம். கண்மாய்க்கரை இருக்கு, பள்ளிக்கூட மைதானம் இருக்கு.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. குழுவாக நடப்பவர்களைப் பற்றி 14 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை 2015ல் இங்கிலாந்தில் தொகுத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் குறைந்தது, உடல் கொழுப்பு குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. மனபாரத்தை இறக்கிவைக்கத் துணைக்கு ஒருத்தி இருப்பதே பாதி மருந்து என்பது நமக்குத் தெரியாததா!

நமக்கு இது புதுசா?

முளைப்பாரித் திருவிழாவில் கும்மி கொட்டுகிறோமே, யாராவது தனியாகக் கும்மி அடிப்பார்களா? பௌர்ணமியில் திருப்பரங்குன்றம் கிரிவலம் போகும்போது பேசிக்கொண்டே மலையைச் சுற்றிவிடுகிறோம். அதே தூரத்தைத் தனியாக நடக்கச் சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடுவோம். சேர்ந்து செய்யும்போது களைப்பு தெரிவதில்லை.

மதுரை புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா கூலிப் பெண்களைக் குழுவாகத் திரட்டியவர். 2019ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒருத்தியாகக் கேட்டால் கிடைக்காததைக் குழுவாகக் கேட்டுப் பெற்றவர்கள் நம் பெண்கள். சேமிப்பில் செய்ததை உடம்புக்கும் செய்வோம்.

எப்படி ஆரம்பிப்பது?

1. 5 முதல் 10 பேர் போதும். பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்தால் நல்லது.
2. நேரத்தை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். காலையில் தண்ணீர் பிடிக்கும் வேலை இருந்தால் மாலையில் நடக்கலாம்.
3. முதல் வாரம் 10 நிமிடம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, அரை மணி நேரத்துக்கு வாருங்கள்.
4. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.
5. வேகமாக நடப்பவர்கள், மெதுவாக நடப்பவர்கள் என்று இரண்டு அணியாகலாம். யாரையும் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். இதில் போட்டி வேண்டாம்.
6. சேமிப்புக்கு வைப்பதுபோல ஒரு வருகை நோட்டு வையுங்கள். வராதவருக்கு அபராதம் வேண்டாம். வீட்டுக்குப் போய் விசாரித்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான மூட்டுவலி உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; கையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் படபடப்போ கைநடுக்கமோ வந்தால் உடனே உட்கார வைத்து மிட்டாய் கொடுக்க வேண்டும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கணும். 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்.

குழுவில் கலந்து பேச:

• நம் குழுவில் எத்தனை பேர் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறோம்?
• மருத்துவச் செலவுக்காகப் போன வருஷம் எவ்வளவு கடன் கொடுத்தோம்?
• நம் ஊரில் பெண்கள் பயமில்லாமல் நடக்க எந்த இடம், எந்த நேரம் சரி?
• கரண்ட் கம்பத்தில் விளக்கு எரியாவிட்டால் ஊராட்சியில் மனுக் கொடுக்க யார் யார் போவது?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மறுநாள் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் சந்திப்போம்!