வீட்டுத் தூசியில் ஈயம்: ஓர் ஆய்வுப் பாடம்

ஈயம் என்னுஞ் சொல் நம்மவரிடையே பல பொருளில் வழங்குகின்றது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்திற் பூசப்படுவது, கலப்பற்றதாயின், வெள்ளீயமாகும். போகலைச் சுரங்கத்தில் எடுக்கப்படும் காரீயமோ, பெயரால் ஈயமாயினும், கரியின் ஒரு வடிவமேயாம். இவ்விரண்டும் ஈண்டு நமது பொருளல்ல. பற்றரியிலும், பழைய எனாமற் பூச்சிலும், மீன்வலைக் குண்டிலும் காணப்படும் பாரமான உலோகமே நாம் ஆராயப் புகும் ஈயம்.

இவ்வுலோகம் உடலிற் கல்சியத்தைப் போல நடித்து, எலும்பிற் பல்லாண்டு தங்கி, வளரும் மூளையைத் தாக்குகின்றது. உட்கொண்ட ஈயத்தில் வளர்ந்தோர் ஏற்பதிலும் நான்கைந்து மடங்கு கூடிய பங்கைச் சிறுகுழந்தையின் உடல் ஏற்கின்றது. இரும்புச் சத்தும் கல்சியமுங் குறைந்த குழந்தைக்கு இடர் மிகுதி. தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. இத்தனைக்கும் குழந்தை நோயாளியாகத் தோன்றுவதில்லை. கவனஞ் சிதறுகின்றது, கற்றது மனத்தில் நிற்பதில்லை. அத்தகைய பிள்ளைகளுட் சிலரையேனும் நாம் சோம்பேறி என்று ஏசியிருத்தல் கூடுமன்றோ? ஆகவே நோயாளியைத் தேடுவது இவ்வாய்வின் வழியன்று; வீட்டைத் தேடுவதே வழி.

இதனை முதலில் உணர்த்தியோருள் ஒருவர் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகர வைத்தியர் லொக்காட் கிப்சன். குழந்தைகளின் ஈய நஞ்சுக்கு வீட்டு விறாந்தைக் கிராதியின் பூச்சே காரணம் என 1904ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். பூச்சு வெயிலிற் பொடியாகி, கையில் ஒட்டி, வாயிற் சென்றது.

அமெரிக்க, மெக்சிக்கோ எல்லையிலுள்ள எல் பாசோ நகரின் உலோக உருக்காலையைச் சுற்றி 1970களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஆய்வு மற்றொரு பாடந் தந்தது. ஆலைக்கு அண்மையில் வாழ்ந்த பிள்ளைகளின் குருதியில் ஈயம் மிகுந்திருந்தது. மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் அவ்வாறே. ஆற்றின் அப்பாலுள்ள ஹுவாரெஸ் நகரப் பிள்ளைகளும் தப்பவில்லை. புகைக்கு எல்லைக்கோடு ஏது?

நமக்கு அண்மையான சான்று சென்னையினது. இந்தியாவிற் பெற்றோலிலிருந்து ஈயம் 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன் பின்னர் நிகழ்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், 3 முதல் 7 வயதுவரையான 756 சென்னைப் பிள்ளைகளின் குருதி சோதிக்கப்பட்டது. சராசரி அளவு ஒரு தெசிலீற்றருக்கு 11.4 மைக்கிரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி 5 மைக்கிரோகிராம் இருந்தாலே காரணத்தைத் தேடி நீக்கவேண்டும். அப்பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டவர்கள் அவர்தம் ஆசிரியர்களே என்பது நம் கல்லூரி ஆசிரியர் கருதத்தக்கது.

இலங்கையில் 2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்தது. பூச்சுக்களில் ஈயத்துக்கு வரம்பு விதித்த ஆணை 2013ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இவை பெரும் பேறுகள். எனினும் சட்டம் புதிய பூச்சையே கட்டுப்படுத்தும். பழைய சுவரிலுள்ளதைச் சுரண்டி எடுக்காது. ஈயம் மட்கி அழிவதுமில்லை. காலி வீதியோர மண்ணில் அன்று படிந்தது அகற்றப்பட்டாலன்றி அங்கேயே கிடக்கும்.

ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆராயப் புகும் மாணவர் பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம். முதலாவது, வீடுகளைத் தெரிதல். பெருவீதியோரத்து வீடு, உள்ளொழுங்கையிலுள்ள வீடு, பழையது, புதியது என வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு வகையிலுஞ் சமமாகத் தெரிதல் வேண்டும். இரண்டாவது, வினாவுதல். பூச்சு எக்காலத்தது, தந்தையின் தொழில் பற்றரி திருத்துவதா, வர்ணம் பூசுவதா, வலைக்குண்டு வார்ப்பதா, வேலையுடை எங்கே கழுவப்படுகின்றது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். மூன்றாவது, யன்னற் படியிலும் பிள்ளை தவழும் நிலத்திலும் அளந்த பரப்பை ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல். நான்காவது, குருதிச் சோதனை. இது பெற்றோரின் சம்மதத்துடன் வைத்தியரே செய்யத்தக்கது. முடிவு பெற்றோருக்குத் தவறாது அறிவிக்கப்படல் வேண்டும். குருதியின் அளவையும் தூசியின் அளவையும் வீடுவாரியாக ஒப்பிட்டாலன்றி நஞ்சு வந்த வழி புலப்படாது.

ஆய்வு முடியும்வரை காத்திராமற் செய்யத்தக்கனவும் உள. பழைய பூச்சை உலர்ந்த நிலையிற் சுரண்டலாகாது. வறண்ட விளக்குமாற்றால் தூசியை எழுப்பாது ஈரத்துணியால் நிலத்தைத் துடைத்தல் நன்று. உண்ணுமுன் கை கழுவுதல் வேண்டும். ஈயத்தோடு பழகும் தொழிலாளர் உடைமாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குதல் வேண்டும்.

மந்தன் என்று ஒரு பிள்ளையைக் குறிக்குமுன், அவன் வாழும் வீட்டின் யன்னற் படியையும் ஒருமுறை நோக்குவது கற்றோர் கடனாகும்.