மார்பக அடர்த்தி: கைக்குத் தெரியாது, படத்தில் மறைக்கும்

மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'டென்சிட்டி: சி' என்றோ 'டி' என்றோ ஒரு சின்ன வரி இருக்கும். பல பெண்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்கிற சிலரோ, 'டி' என்றால் புற்றுநோயின் நான்காம் கட்டம் போலிருக்கிறது என்று அன்றிரவு தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் மார்பகத்தின் அமைப்பை மட்டுமே குறிக்கின்றன. நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தின் அளவைச் சொல்வது அதே தாளில் உள்ள 'பைராட்ஸ்' எண்; அது 0 முதல் 6 வரை போகும். எழுத்து வேறு, எண் வேறு. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

"எனக்குத் தொட்டாலே கெட்டியாக இருக்கிறது, அதனால் அடர்த்தி அதிகம்" என்பது பரவலான நம்பிக்கை. அடர்த்தி கைக்குத் தெரியாது. மிருதுவான மார்பகம் படத்தில் அடர்த்தியாக இருக்கலாம். கெட்டியானது கொழுப்பு மிகுந்ததாக இருக்கலாம். சிறியது, பெரியது என்ற கணக்கும் இதில் செல்லாது. பாலைச் சுரக்கும் திசுவும் நார்த்திசுவும் கொழுப்பைவிட எவ்வளவு அதிகம் என்பதுதான் அடர்த்தி. அதை மேமோகிராம் என்ற எக்ஸ்ரே படம்தான் காட்டும்.

"அடர்த்தி இருந்தால் புற்றுநோய் வந்தே தீரும்." இந்தப் பயத்துக்குப் பின்னால் ஓர் உண்மையான எண் இருக்கிறது. மிக அடர்ந்த மார்பகம் ('டி') உள்ளவர்களுக்கு, கிட்டத்தட்ட முழுக்கவே கொழுப்பாக ('ஏ') உள்ளவர்களைவிட ஆபத்து 4 மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது இரண்டு எதிர்முனைகளில் நிற்பவர்களை ஒப்பிடும் கணக்கு. சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால், 'டி' வகைக்கு ஆபத்து சுமார் 2 மடங்கு. 'சி' வகைக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும், 40 வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 'சி' அல்லது 'டி'தான். இத்தனை பேருக்கு இருக்கும் ஒன்றை நோய் என்று எப்படிச் சொல்வது? அடர்த்தியில் பெரும்பங்கு பரம்பரையாக வருவது. வயது ஏற ஏற, மாதவிடாய் நின்ற பிறகு, பொதுவாகக் குறையும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொரு நம்பிக்கை: "மேமோகிராம் நார்மல் என்றால் ஒன்றுமில்லை."

மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். கறுப்பு உளுந்தில் கிடக்கும் வெள்ளைக் கல்லை யாரும் பொறுக்கிவிடலாம். பச்சரிசியில் கிடந்தால், முறத்தில் எத்தனை முறை புடைத்தாலும் ஒன்று தப்பிவிடும். படம் பார்க்கும் மருத்துவரின் குறை இல்லை இது. படத்தின் எல்லையே அதுதான்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி காப்பெல்லோ ஆண்டு தவறாமல் மேமோகிராம் எடுத்துவந்தவர். ஒவ்வொரு முறையும் நார்மல். 2004இல் மருத்துவர் கையால் பரிசோதித்தபோது ஏதோ தட்டுப்பட்டது. மறுபடி எடுத்த மேமோகிராமும் நார்மல் என்றே சொன்னது. அல்ட்ராசவுண்டில்தான் கட்டி தெரிந்தது. அதற்குள் நோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது. தனக்கு அடர்ந்த மார்பகம் என்பதையும், அது கட்டியை மறைக்கும் என்பதையும் அத்தனை ஆண்டுகளில் ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம். அதைப் போராட்டமாக மாற்றினார். அடர்த்தியைப் பெண்ணிடம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2009இல் அவருடைய மாநிலத்தில் வந்தது. அந்நாட்டிலேயே அதுதான் முதல். அவர் 2018இல் காலமானார். 2024 செப்டம்பர் முதல் அமெரிக்கா முழுவதும் அப்படித் தெரிவிப்பது கட்டாயம். ஒரு பெண் கேட்ட எளிய கேள்விக்கு நாடு பதில் சொல்ல இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சரி, அடர்த்தி என்று தெரிந்தால் என்ன செய்வது? நெதர்லாந்தில் மேமோகிராம் நார்மலாக வந்த, மிக அடர்ந்த மார்பகம் உள்ள பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. கூடுதலாக எம்.ஆர்.ஐ. எடுக்க அழைக்கப்பட்ட குழுவில், அடுத்த பரிசோதனைக்கு முன்பே தலைகாட்டும் புற்றுகள் ஆயிரத்துக்கு 2.5தான்; அழைக்கப்படாத குழுவில் 5. ஜப்பானில் 40களில் உள்ள பெண்களுக்கு மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்த்தபோது கூடுதல் புற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இதற்கு ஒரு விலையும் உண்டு: நோயில்லாதவர்களுக்கும் சந்தேகம் எழுந்து, தேவையில்லாத பயாப்ஸி (திசுப் பரிசோதனை) வரை போகும். ஆகவே எல்லோருக்கும் எல்லா ஸ்கேனும் வேண்டியதில்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்ததா, உங்கள் வயது என்ன என்பதையும் சேர்த்து மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். மேமோகிராமையே விட்டுவிடலாமா என்றால், கூடாது. புற்றின் அறிகுறியாக இருக்கக்கூடிய நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளை அதுதான் நன்றாகக் காட்டும்.

"எனக்குக் கொழுப்புதான் அதிகம், கவலையில்லை" என்பதும் சரியல்ல. மாதவிடாய் நின்ற பிறகு உடற்பருமன் தனியாகவே ஆபத்தைக் கூட்டுகிறது. அந்த வயதில், புற்றைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உருவாகும் முக்கிய இடம் கொழுப்புத் திசுதான்.

நம் ஊரில் இந்த விஷயத்துக்கு இன்னொரு கனம் உண்டு. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் சராசரியாகப் பத்து வயது முன்பே வந்துவிடுகிறது. இளவயதில் அடர்த்தி அதிகம். அதனால் மேமோகிராமின் பார்வை மங்கும். கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டால், காம்பு உள்ளிழுத்துக்கொண்டால், அதிலிருந்து ரத்தக் கசிவு இருந்தால், மேமோகிராம் நார்மல் என்ற தாளோடு வீடு திரும்பாதீர்கள். அல்ட்ராசவுண்ட் வேண்டுமா, ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். வலியில்லையே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.