பழைய லோரியின் உலோகச் சிற்றுறுப்புகள்

பினாங்கின் உப்புக் கடற்காற்றில் பழைய பெட்ஃபோர்டு, ஆஸ்டின் லோரிகளின் கருவிப் பலகைக் குமிழ்களும் வளையங்களும் மங்கிவிடுகின்றன. குத்துவிளக்கைப் போல அவற்றையும் புளியிட்டுத் துலக்கலாமென நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது பூச்சில்லாத பித்தளைக்கே பொருந்தும்.

காந்தம் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிடில், பின்புறத்தைச் சற்றே சுரண்டுக. மஞ்சளாயின் பித்தளை, சாம்பல் நிறமாயின் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. புளியின் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். மேலுள்ள குரோமியப் பூச்சோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அது கொப்புளித்தால் வீட்டில் சீராக்க இயலாது. சவர்க்கார நீரும் மென்துணியுமே போதும். நன்கு உலர்த்தி மெழுகு தடவுக.

இருளில் ஒளிரும் எண்களுடைய பழைய மானிகளைத் திறக்க வேண்டாமென வற்புறுத்துகிறோம். சிலவற்றின் சாயத்தில் ரேடியம் உண்டு. ஒளி மறைந்தாலும் கதிர்வீச்சு மறையாது. ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும்.